வீட்டுக்கடனும் வில்லங்கமும்

திங்கள்

“பேங்க்காரனே பார்த்துட்டுத்தானே கடன் கொடுத்திருக்கான், அப்புறம் என்ன பயம்?” வீடு வாங்குகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கேட்டே ஆகவேண்டிய சட்டக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்வதும் இந்த நம்பிக்கைதான். வங்கி தன் பேனல் வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குகிறது என்பது உண்மை. அந்தச் செலவு பெரும்பாலும் கடன் வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. ஆனால் வங்கி அந்த வக்கீலிடம் கேட்பது, கொடுக்கிற பணத்துக்கு இந்தச் சொத்து ஈடாக நிற்குமா என்பதை மட்டும்தான். இந்த வீடு நம் பிள்ளைகள் காலத்திலும் வழக்கு வம்பில்லாமல் இருக்குமா என்பது வாங்குகிறவரின் கவலை. அதை யாரும் அந்த வக்கீலிடம் கேட்பதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதிகப் பணம் போடுவது வங்கிதானே, அது கவனமில்லாமல் இருக்குமா? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் தரலாம். 60 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் 48 லட்சம் தரும். மீதி 12 லட்சமும், தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று 5 லட்சத்து 40 ஆயிரமும் வாங்குகிறவர் கைக்காசு. பத்திரத்தில் ஓட்டை விழுந்தால் முதலில் போவது இந்த 17 லட்சத்து 40 ஆயிரம்தான். வங்கிக்கு வீடு ஒரு பிடி, கடன்காரரின் கையெழுத்து இன்னொரு பிடி. வீடு கைவிட்டுப் போனாலும் தவணை நிற்காது. வங்கி கவனமாகத்தான் பார்க்கிறது, மறுக்கவில்லை. அந்தக் கவனம் அதன் பணத்தின் மேல்.

செவ்வாய்

“முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு” என்பது அடுத்த மறுப்பு. வில்லங்கச் சான்றிதழில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே. பதியாத உயில் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பொதுவாக வராது. ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம்: 1994-இல் மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து எழுதிக்கொடுத்த கிரயப்பத்திரம். வில்லங்கச் சான்றில் தேதி, ஆவண எண், விற்றவர், வாங்கியவர் என்று வரிசை குறையில்லாமல் இருக்கிறது. சொத்து அவர்களுடைய அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. அப்படியானால் தங்கைகள் இருந்தார்களா? அம்மா அப்போது உயிரோடு இருந்தாரா? அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்களா? இந்தக் கேள்விகளை வில்லங்கச் சான்று எழுப்பாது. மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் பெயராகச் சரிபார்க்கும் ஒருவர்தான் எழுப்புவார். மைனர் பங்கு நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்கப்பட்டதா, நிலம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பதும் இப்படித் தோண்டிப் பார்க்க வேண்டியவையே. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுப் பயனில்லை. அது வருவாய்த்துறைப் பதிவு, உரிமைக்கு முடிவான ஆதாரம் ஆகாது.

வியாழன்

பதிவாகிவிட்டால் அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்று நினைப்பவர்கள் 2025 ஏப்ரலில் வந்த கே. கோபி வழக்கின் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவர் தம் உரிமைக்கான முன்ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(i)-ஐ உச்ச நீதிமன்றம் அதில் ரத்து செய்தது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு அலுவலரின் வேலை அல்ல என்பதே அதன் சாரம். போலிப் பத்திரங்களைத் தடுக்கக் கொண்டுவந்த விதி அது. நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனாலும் சட்டத்தின் நிலை தெளிவாக இருக்கிறது: உரிமைத் தகராறு வந்தால் தீர்ப்பது சிவில் நீதிமன்றம்தான். ஆக வங்கியும் நமக்காகப் பார்க்கவில்லை, பதிவு அலுவலகமும் பார்க்கவில்லை.

தனி வக்கீல் வைத்தால் வீண் செலவு, விற்பவரோ அவசரப்படுத்துகிறார் என்பார்கள். மேலே சொன்ன 17 லட்சத்துக்குப் பக்கத்தில் வக்கீல் கட்டணத்தை வைத்துப் பாருங்கள். அவசரம்தான் நிஜமான ஆபத்து, அதுவும் அட்வான்ஸ் கொடுக்கும் கட்டத்தில். கிரய ஒப்பந்தத்தில் ‘தொண்ணூறு நாளுக்குள் முடிக்காவிட்டால் முன்பணம் திரும்பாது’ என்று எழுதியிருக்கும். வங்கி கடன் மறுத்தாலும் அந்த வரி வாங்குகிறவரைத்தான் அடிக்கும். வாங்குபவர் தவறினால், உறுதிப்பணமாகக் கொடுத்த முன்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் ‘கடன் அனுமதி கிடைக்காவிட்டாலோ, பத்திரத்தில் குறை இருந்தாலோ முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்ற வாசகத்தைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பில்டரிடம் புது வீடு என்றால், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் பொருந்தும் திட்டங்களில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவருக்கு அனுமதி இல்லை.

சனி

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் வாங்குகிறவர் தாமே தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விதான். 90 நாள் நிலுவை விழுந்தால் கணக்கு வாராக்கடன். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வராவிட்டால் வங்கி கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். ஏலத்தில் வந்தது போதாவிட்டால் பாக்கியைக் கடன்காரரிடம் வசூலிக்கவும் வழி உண்டு. நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதிக்கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தரவேண்டும். கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்த நாள்களைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு நியாயம் பேசிப் பயனில்லை.

கடனை அடைத்து முடிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி அசல் பத்திரங்களை 30 நாளில் திருப்பித் தரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததும் விட்டுவிடாதீர்கள். அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.