புதியோன்னியின் குதிரைகள்

பதினேழு வயதில் 'வீரம் விளைந்தது' நாவலைப் படித்தேன். அதன் நாயகன் பாவெல் கொர்ச்சாகின் தன் படைப்பிரிவிலிருந்து அனுமதியில்லாமல் கிளம்பிப்போய், செம்படைத் தளபதி புதியோன்னியின் குதிரைப்படையில் சேர்ந்துகொள்ளும் இடம் வந்ததும் எனக்கும் ஒரு குதிரை வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசையை இன்றும் நான் பழிக்கவில்லை.

அந்தப் படை பிறந்தது ரஷ்ய உள்நாட்டுப் போரில். 1919 ஆகஸ்டில் வெள்ளைப்படைத் தளபதி மாமன்தோவின் கொசாக்குகள் செம்படையின் அணியைத் துளைத்துக்கொண்டு தம்போவ் நகரம்வரை புகுந்துவிட்டார்கள். அதன் பிறகே "பாட்டாளியே, குதிரையேறு!" என்று அறைகூவினார் செம்படையை வழிநடத்திய திரோத்ஸ்கி. நவம்பரில் புதியோன்னியின் தலைமையில் முதல் குதிரைப்படைச் சேனை பிறந்தது.

அதன் பலம் குதிரையோடு முடியவில்லை, தச்சான்காவும் இருந்தது. தென் உக்ரைன் விவசாயிகள் சந்தைக்குப் போய்வந்த வில்வண்டிதான் தச்சான்கா. அதன் பின்பக்கத்தில், வந்த வழியைப் பார்த்தபடி ஒரு மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைப் பூட்டினார்கள். குழலைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிச் சூடு தணிக்கும் கனத்த துப்பாக்கி அது. மூன்று நான்கு குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் எதிரியை நெருங்கும். வண்டியோட்டி சட்டென்று வண்டியைத் திருப்புவான். சுடுபவன் விசையை அழுத்துவான். பின்வாங்கும்போது திருப்பும் வேலைகூட இல்லை, துரத்தி வருகிறவன் நேராகக் குண்டின் முன் வருவான். ஏர் உழுத கைகளுக்குத் தோன்றிய யுக்தி!

போலந்துடன் நடந்த போருக்காக இந்தச் சேனை வீரர்கள் 1920 வசந்தத்தில் மாய்கோப்பிலிருந்து உமான்வரை ஆயிரம் கிலோமீட்டரைக் குதிரையிலேயே கடந்து, ஜூனில் போலந்துப் படையின் அணியை உடைத்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று கொமாரோவில் தோற்றார்கள். திரும்பும் வழியில்தான் ஒரு கொடுமை நடந்தது. ஆறாவது டிவிஷன் வீரர்கள் யூதக் குடியிருப்புகளில் புகுந்து கொன்றார்கள், கொள்ளையடித்தார்கள். தடுக்கப்போன கமிசார் ஷெப்பெலேவைத் தங்கள் கையாலேயே கொன்றார்கள். பிறகு குற்றம் செய்த ரெஜிமென்ட்டுகள் கலைக்கப்பட்டன, பலர் சுடப்பட்டார்கள்.

அந்தச் சேனையோடு லியூத்தவ் என்ற பெயரில் போனவர் எழுத்தாளர் ஐசக் பாபெல், ஒதேஸ்ஸாவில் பிறந்த யூதர். அவருடைய 'செங்குதிரைப்படை' கதைகளைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, கொர்ச்சாகினின் தோழர்கள் என்று நான் நேசித்தவர்களின் கையில் ரத்தம் இருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மறுநாள் மீண்டும் எடுத்தேன். பாபெல் அவர்களை வெறுத்து எழுதவில்லை, அவர்கள் குதிரையேறும் அழகில் மயங்கியும் இருக்கிறார். அதனால்தான் நான் அவரை நம்புகிறேன். புதியோன்னி கொதித்தார், தன் படையை இழிவுபடுத்துவதாக 1924இல் எழுதினார். பாபெல் 1940 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்ஷல் புதியோன்னி 1973வரை வாழ்ந்தார்.

கொர்ச்சாகினைப் படித்து வளர்ந்தவர்கள் பாபெலையும் படியுங்கள். கூடவே, பதினேழு வயதில் எனக்குத் தெரியாதிருந்த ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். 1918இல் தோன் பகுதியில் இந்தக் குதிரைவீரர்களைத் திரட்டியவர் பொரிஸ் துமென்கோ. புதியோன்னி அவருக்குத் துணையாக இருந்தவர். துமென்கோவை 1920 மே மாதம் செம்படை நீதிமன்றமே சுட்டுக் கொன்றது. அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்க 1964 ஆனது.