வில்லெடுத்த அம்மா

வில் என்றதும் நமக்கு ராமனும் அர்ஜுனனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஒருவன் வில்லை ஒடித்தான், ஒருவன் குறி தப்பாமல் அடித்தான். சீதையும் திரௌபதியும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆனால் 2024-ஆம் வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் வில்வித்தைப் பேச்சாகவே இருந்ததற்கு, ஒன்றரை வயசுகூட ஆகாத பெண் குழந்தைக்குத் தாயான ஒருவர்தான் காரணம்.

அந்த வருஷம் பங்குனியில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு எங்களிடம்தான் வந்திருந்தாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் இரவு ஏது, பகல் ஏது? பால் கொடுக்கும்போது கண் சொருகிவிடாமல் இருக்கச் செல்போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், "அம்மா, இங்க பாரேன், இவங்களுக்கும் கைக்குழந்தை இருக்காம்" என்று காட்டினாள். சீனாவின் ஷாங்காய் நகரில் உலகக் கோப்பை வில்வித்தைப் போட்டி. கோட்டில் நின்றுகொண்டிருந்தவர் நம் தீபிகா குமாரி.

ராஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டினார், அம்மா நர்ஸ். சின்ன வயசில் மாங்காயைக் கல்லால் குறி பார்த்து அடிப்பாராம். 16 வயசில், 2010-ல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். 2016-ல் பத்மஸ்ரீ. 2020-ல் வில்வித்தை வீரர் அதானு தாஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 2022 டிசம்பரில் பெண் குழந்தை. அடுத்த வருஷம் சீனாவின் ஹாங்ஜோவில் ஆசியப் போட்டி நடந்தபோது இந்திய அணியில் அவர் இல்லை. 'சரி, அவ்வளவுதான்' என்று பலரும் நினைத்திருப்பார்கள். 2024 பிப்ரவரியில் பாக்தாத்தில் ஆசியக் கோப்பையில் தங்கம் வாங்கினார். பிறகுதான் ஷாங்காய்.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மேலே சொல்வது புரியும். இலக்கு இருப்பது 70 மீட்டர் தூரத்தில். எங்கள் தெருவில் பிள்ளையார் கோயிலில் நின்றுகொண்டு ரேஷன் கடையைப் பார்க்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நடுவிலே இருக்கிற பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர். நம் காபி டபராவைவிடக் கொஞ்சம் பெரிசு! ஓர் அம்பு விட 20 விநாடிதான். நாணை முழுக்க இழுப்பதற்குப் பெண்கள் போடுகிற விசை ஏறக்குறைய 18, 20 கிலோ. தண்ணீர் கேனை இடுப்பில் தூக்குகிறோமே, அந்தப் பாரத்தை மூன்று விரலால் இழுத்துத் தாடையோடு சேர்த்து நிறுத்தி, கை நடுங்காமல் விட வேண்டும். தகுதிச் சுற்றில் இப்படி 72 தடவை. பயிற்சி நாளில் நூற்றுக்கணக்கில்.

நேருக்கு நேர் ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு மூன்று அம்பு. அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு 2 புள்ளி, சமமானால் ஆளுக்கு 1. முதலில் 6 புள்ளியைத் தொட்டவருக்கு ஜெயம். ஓர் அம்பு எங்கேயோ போய் விழுந்தாலும் அந்தச் செட்டோடு போச்சு, அடுத்த செட்டில் இரண்டு பேருக்கும் கணக்கு புதுசாகத் தொடங்கும். என் மாமியாருக்கு 84 வயசு. இந்த விதியைக் கேட்டதும், "பரவாயில்லையே, பழசைக் குத்திக் காட்டாத ஆட்டம்!" என்றார்.

ஷாங்காயில் தீபிகா கொரியப் பெண்கள் இருவரை வரிசையாகத் தோற்கடித்தார். கால் இறுதியில் ஜியோன் ஹுன்-யங், அரை இறுதியில் நாம் சு-ஹியோன், அதுவும் 6-0. கொரியா என்றால் லேசில்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் அணிப் போட்டி 1988-ல் தொடங்கியதிலிருந்து 2024 வரை பத்துத் தடவையும் தங்கம் அவர்களுக்கே! இறுதி ஆட்டத்தில் லிம் சி-ஹியோன் என்கிற இன்னொரு கொரியப் பெண்ணிடம் 0-6 என்று தோற்று வெள்ளியோடு திரும்பினார் தீபிகா. அதை வெறும் வெள்ளி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 16 மாதத்துக்கு முன்னால் பிள்ளை பெற்ற உடம்பு அது.

பிரசவத்துக்குப் பிறகு நம் உடம்பு என்ன பாடு படுகிறது என்பது நமக்குத் தெரியாதா? வயிறு பெரிதாகும்போது நடுவயிற்றுத் தசை இரண்டு பக்கமும் விலகிப்போகிறது. மூட்டைச் சுற்றிய தசைநார்கள் தளர்கின்றன. இடுப்புக்கடியில் தாங்குகிற தசைகள் தொய்ந்துபோகின்றன. அது போதாதென்று மாதக்கணக்கில் குனிந்து குனிந்து பால் கொடுத்துத் தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிடுகிறது. வில்லாளிக்கோ எல்லாமே முதுகில்தான் இருக்கிறது. நாணை இழுப்பது கைபோலத் தெரியும், உண்மையில் வேலை செய்வது தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலே இருக்கிற தசைகள். வயிறும் இடுப்பும் கெட்டியாக நிற்காவிட்டால் அம்பு ஆடிப்போகும். பிரசவத்தில் எதெல்லாம் தளர்ந்துபோகிறதோ அதெல்லாம்தான் இந்த ஆட்டத்துக்குத் தேவை.

என் மகளுக்கும் மூன்றாம் மாதத்தில் தோள்வலி வந்துவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "குழந்தையை மடியில தலையணை வச்சு மேல தூக்கிக்கோ, நீ குனியாதே" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கி, ஐந்து மூச்சு நேரம் வைத்திருந்து விடவும் சொன்னார். காலையும் மாலையும் பத்துத் தடவை. கூடவே மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை உள்ளே இழுக்கிற பயிற்சி. (சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.) இவள் தோளைப் பின்னால் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் மாமியார், "விடு அம்பை!" என்பார். அவளுக்குச் சிரிப்பு வந்து தோள் தளர்ந்துவிடும்.

என் கதையையும் இங்கே சொல்லிவிடலாம். கல்லூரியில் நான் டென்னிகாய்ட் ஆடியவள். மாவட்ட அளவில் கோப்பை வாங்கியிருக்கிறேன். முதல் குழந்தையோடு அது நின்றுபோனது. யாரும் 'ஆடாதே' என்று தடுக்கவில்லை. 'மறுபடி ஆடேன்' என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நின்றுபோவதற்கு அதுவே போதும். வளையம் பரணில் கிடந்தது. ஒரு போகியன்று பழைய பாயோடு அதுவும் போயிற்று.

மே மாதம் கொரியாவில் யெச்சோன், ஜூனில் துருக்கியில் அண்டால்யா என்று போட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. இதில் இன்னொரு வகை வில் உண்டு, இரண்டு பக்கமும் சக்கரம் வைத்தது. அதில் நம் ஜோதி சுரேகா, அதிதி சுவாமி, பர்னீத் கௌர் மூவரும் சேர்ந்து ஷாங்காய், யெச்சோன், அண்டால்யா மூன்றிலும் அணித் தங்கம் வாங்கிவிட்டார்கள்! இதைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை பேர் பேசினோம், சொல்லுங்கள்.

ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக். அதற்குள் மாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் திடீரென்று, "ஏம்மா, அந்தப் பொண்ணு வயித்துப் புள்ளையோடயா நிக்குது?" என்றார். நிஜம்தான். அஜர்பைஜான் நாட்டின் யாய்லாகுல் ரமசானோவா. ஆறரை மாத கர்ப்பம். எதிரில் சீனாவின் ஆன் சி-ஷுவான். ஐந்து செட் முடிந்து 5-5 என்று சமமாகிவிட்டது. இனி ஆளுக்கு ஒரே ஓர் அம்பு. சீனப் பெண் ஒன்பது அடித்தார். இவர் பத்து! கடைசி அம்பு விடுவதற்கு முன்னால் குழந்தை உள்ளே உதைத்ததை உணர்ந்தேன் என்று பிறகு நிருபர்களிடம் சொன்னார்.

மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். மாமியார்தான், "உதைச்சா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த சுற்றில் ரமசானோவா ஜெர்மனியின் மிஷெல் க்ரோப்பனிடம் தோற்றார். அந்த க்ரோப்பனை அதற்கடுத்த சுற்றில் 6-4 என்று வென்றவர் நம் தீபிகா! கால் இறுதியில் அவருக்கு எதிரே வந்தவர் நாம் சு-ஹியோன், ஷாங்காயில் 6-0 என்று தோற்ற அதே பெண். தீபிகா 4-2 என்று முன்னால் இருந்தார். இன்னும் ஒரு செட் எடுத்தால் அரை இறுதி. ஆனால் கடைசி இரண்டு செட்டும் கொரியப் பெண்ணுக்குப் போய், 4-6.

நாலாவது ஒலிம்பிக், நாலிலும் பதக்கம் இல்லை. மறுநாள் முதல் ஆரம்பித்தார்கள், 'மறுபடியும் ஏமாற்றம்', 'நெருக்கடி வந்தால் நிற்க மாட்டார்' என்று. எனக்கு ஆத்திரமாக வந்தது. பாரிஸுக்குப் போகும் முன்னால், மகளைப் பிரிந்திருக்கிற வேதனையைச் சொல்லித் தீராது என்று அவரே பத்திரிகைகளிடம் சொல்லியிருந்தார். பிரிந்துபோய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். விமர்சனம் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு ராத்திரியாவது குழந்தையைத் தூங்க வைத்திருப்பார்கள்?

பிள்ளை பெற்றபின் வில்லெடுத்தவர் இவர் முதல் ஆளும் இல்லை. கொரியாவின் கிம் சூ-நியுங் 1988-ல் சியோலில் இரண்டு தங்கம் வாங்கியவர். 1992-ல் பார்சிலோனாவில் இன்னொரு தங்கமும் ஒரு வெள்ளியும். அதோடு விலகினார், கல்யாணம் ஆயிற்று, இரண்டு குழந்தைகள் ஆயின. அதற்குப் பிறகு திரும்பி வந்து 2000-ல் சிட்னியில் அணித் தங்கமும் தனிப் போட்டியில் வெண்கலமும் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் பின்னால் போனால் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் குவீனி நியூவல் என்கிற ஆங்கிலேயப் பெண்மணி தங்கம் வாங்கினார். வயசு 53! ஒலிம்பிக்கில் தனிப் போட்டியில் தங்கம் வாங்கிய பெண்களிலேயே அதிக வயசு அவருக்குத்தான். இதைச் சொன்னதும் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா, உனக்கு இன்னும் வாய்ப்பு இருக்குன்னு நெனச்சேன், அஞ்சு வருஷம் தாண்டிட்ட!" என்றாள்.

அவள் வேலைக்குத் திரும்புகிற நாளும் நெருங்கிவிட்டது. சட்டப்படி 26 வாரம் பிரசவ விடுப்பு, அது முடிந்து மாப்பிள்ளை ஊருக்குப் போய் வங்கி வேலையில் மறுபடி சேர்ந்தாள். சேர்ந்த கையோடு பதவி உயர்வுக்கு மூன்று வாரப் பயிற்சி, வெளியூரில். "பச்சைப் புள்ளையை விட்டுட்டு என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கு? அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று உறவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அடுத்த தடவை என்பது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அது பரணுக்குத்தான் போகும்.

முடிவு சொல்ல வேண்டிய வாரத்தில் அவள் ஒரு விசாரிப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போதுதான் மெக்ஸிகோவில் ட்லாக்ஸ்கலா என்ற ஊரில் உலகக் கோப்பையின் கடைசிக் கட்டம் நடந்தது. அந்த வருஷத்தின் சிறந்த எட்டுப் பேர் மட்டும் ஆடுகிற போட்டி. அங்கே பகல் என்றால் நமக்கு நடு ராத்திரி. குழந்தை விழித்துக்கொண்டதால் நாங்களும் விழித்திருந்தோம். தீபிகா அரை இறுதியில் மெக்ஸிகோவின் அலெஹாந்த்ரா வலென்சியாவை அவர் சொந்த மண்ணிலேயே 6-4 என்று வென்றார். இறுதியில் சீனாவின் லி ஜியாமன் 6-0 என்று வாரிக்கொண்டு போய்விட்டார். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தீபிகாவுக்கு அது ஐந்தாவது வெள்ளி. 2018-ல் ஒரு வெண்கலமும் உண்டு. தங்கம்தான் இன்னும் இல்லை.

"அஞ்சு தடவை இரண்டாவதா வந்தவங்க ஆறாவது தடவையும் வருவாங்க இல்லம்மா?" என்று கேட்டாள் மகள். விளக்கை அணைக்கும்போது, "நான் போயிட்டு வரேன், மூணு வாரம் பாத்துக்குவியா?" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். ஏழு மாதக் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ், மசித்த இட்லி, பருப்புச் சாதம். பால் கட்டிக்கொண்டு வலிக்காமல் இருக்க அவள் நேரம் தவறாமல் பாலை எடுத்துவிட்டுக்கொண்டாள். முதல் நான்கு நாள் குழந்தையும் அழுதது, அவளும் போனில் அழுதாள். ஐந்தாம் நாள் குழந்தை மாமியாரின் மூக்குக் கண்ணாடியைப் பறிக்கப் பழகிக்கொண்டது.

2025 மே மாதம் அதே ஷாங்காயில் தீபிகாவுக்கு வெண்கலம் கிடைத்தது, ஒரு கொரியப் பெண்ணை வென்று. செய்தியை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு இப்ப ரெண்டரை வயசு ஆகப்போகுது. அம்மா எங்கேன்னு வாய்விட்டுக் கேக்குமே" என்றார்.