மைலோ தகரத்தில் ஓர் அடுப்பு

பல நாள்களாக இப்பக்கம் வர இயலவில்லை. பதிவேடுகள், தேர்வுத் தாள்கள், அவற்றுக்கு மேல் சாரணர் முகாம். அம்முகாமைப் பற்றி எழுதவே இன்று அமர்ந்தேன்.

பள்ளித் திடலில் ஓரிரவு முகாம்; 24 மாணவர்கள். எரிவாயு அடுப்புகளை வாடகைக்கு எடுப்பதற்குப் பதிலாக, குழுவிற்கு ஒரு காலி மைலோ தகரம் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுநாளே ஒரு மாணவரின் தந்தை வந்துவிட்டார்.

"சார், தகரத்துல பொங்கித் தின்ன காலம் எங்களோட போகட்டும். கேஸ் அடுப்புக்கு எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, நானே தர்றேன்" என்று பணப்பையை எடுத்து மேசைமீது வைத்தார்.

"உட்காருங்கண்ணே" என்றேனே தவிர, எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எண்பதுகளில், குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன். அம்மா பால்மரம் வெட்டியவர். லயத்தின் பின்புறம், பக்கவாட்டில் வாய் வெட்டிய எண்ணெய்த் தகரமே எங்கள் அடுப்பு. ஒட்டுப்பால் துண்டொன்றைக் கொளுத்தி உள்ளே போட்டால் நனைந்த விறகும் பற்றிக்கொள்ளும். அதன் கரும்புகையும் நாற்றமும் அடங்கித் தணல் விழுந்த பிறகுதான் அம்மா கருவாட்டைச் சுடுவார். முந்தினால் கருவாட்டில் ரப்பர் வாடை! பள்ளித் தோழர்கள் வரும் நாளில் அத்தகரத்தை நான் சாக்குப்பையால் மூடி வைப்பேன். அம்மா அதைக் கண்டும் கேட்டதில்லை. இனி நான் சொல்லவும் வழியில்லை.

அவரிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பணப்பையை எடுத்துக்கொண்டு சென்றார். சம்மதமா, கோபமா என்று விளங்கவில்லை.

தீ மூட்டுவதில் எனக்குத் தலைக்கனம் இருந்த காலமும் உண்டு. ஆசிரியர் பயிற்சியின்போது 'பினா இன்சான் குரு' முகாமில், "தோட்டத்துப் பிள்ளைக்கா அடுப்பு மூட்டத் தெரியாது?" என்று ஆற்றிலிருந்து மூன்று கற்களைத் தூக்கி வந்து அடுப்புக் கூட்டினேன். கால் மணி நேரத்தில் ஒரு கல் வெடித்துச் சில்லு பறந்தது. அருகிலிருந்த நண்பரின் புருவத்தில் காயம், கண் தப்பியது. நீரில் கிடந்த கல்லின் நுண்துளைகளில் ஈரம் தங்கியிருக்கும். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் கல்லைப் பிளந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதரின் புருவம் தேவைப்பட்டது எனக்கு.

ஆகவே முகாமில் கல்லே கிடையாது. தகரத்தின் மேல்மூடியை நீக்கிவிட்டு, கீழ்ப்பகுதியில் விறகு நுழைய நான்கு விரல் அகலத்திற்கு ஒரு வாசல் வெட்டினோம். வெட்டும் வேலை என்னுடையது. கூரிய விளிம்புகளைக் குறட்டால் உட்புறம் மடித்தோம். பாத்திரம் அமர்ந்த பின்னும் புகை வெளியேறும்படி மேல் விளிம்பை ஒட்டித் துளைகள் இட்டோம். வெளிப்புறச் சாயம் எரிந்து தீரும்வரை வெறுமனே ஒரு முறை சூடேற்றினோம். ஒரு மாணவன் பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்பித் தட்டை மீன் சுடக் கொண்டு வந்திருந்தான். அத்தகைய தட்டுகளில் துத்தநாகமோ காட்மியமோ பூசியிருக்கலாம், சூடேறினால் நச்சு. திருப்பி அனுப்பியபோது அவன் முகம் வாடியதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

மாலையில் ஜொகூருக்கே உரிய மழை பெய்து ஓய்ந்தது. திடல் சேறாகிவிட்டது. மூங்கில்களைக் கட்டி இடுப்பளவு உயரத்தில் மேடை அமைத்து, அதன்மேல் மண்ணைக் கனமாகப் பரப்பி அடுப்புகளை ஏற்றினோம். இது சாரணர்களின் பழைய முறை. குனிய வேண்டாம் என்பதால் முதுகுவலிக்காரனான எனக்குப் பெரிதும் பிடித்துப்போயிற்று.

மூன்று அடுப்புகள் எரிந்தன. நான்காவது, அந்தத் தந்தையின் மகனுடைய குழுவினது, புகைந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் ஊதி ஊதிக் கண்களைக் கசக்கினர். நான் அங்குச் செல்வதற்குள் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவரேதான். சற்று நேரம் தள்ளி நின்று பார்த்தார்.

"மேல ஓட்டை பத்தாது சார். காத்து எப்படி இழுக்கும்?" என்றார்.

தீயை அணைத்துத் தகரம் ஆறும்வரை காத்திருந்து, வண்டியிலிருந்த திருப்புளியை ஒரு கட்டையால் தட்டி மேலும் ஆறு துளைகள் இட்டார். வாசலில் அடைத்திருந்த விறகில் பாதியை வெளியே இழுத்துப் போட்டார். மறுபடி மூட்டியதும் தீ நேராக எழுந்தது.

"அப்பா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றான் மகன்.

"உன் பாட்டி" என்றவர், சட்டைக் கையை மடித்துவிட்டு, சார்டின் தகரத்தைத் திறக்கக் கத்தி கேட்டார்.