மாரியும் வளவும்

ஆறில்லா ஊருக்கு மழையே ஆறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. வலிகாமத்தின் வழுக்கையாறும் மாரியிற் பெருகிக் கோடையில் மறைந்துபோவதே. குடிக்கவும் குளிக்கவும் பயிர் வளர்க்கவும் ஆண்டு முழுவதும் நமக்கு வேண்டிய நீரின் பெரும் பங்கை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களுமே தந்துவிடுகின்றன. மேலைநாடுகளிற் குளிர்காலம் தோட்டம் உறங்குங் காலம். நம் நாட்டிலோ அது தோட்டம் விழிக்குங் காலம். அக்காலத்தில் வீட்டு வளவை எவ்வாறு பேணுகிறோம் என்பதைப் பொறுத்தே வரப்போகும் ஆடியிற் கிணற்றுநீரின் சுவை அமையும்.

பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலைக் கடந்து இணுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களை அணுகும்போது செம்மண்ணைக் காண்பர். மாரி தொடங்கியதும் அம்மண் குங்குமக் குழம்புபோலாகிறது. ஒழுங்கைகளின் இருமருங்கும் கிளுவையும் பூவரசும் துளிர்த்து நிற்கும். படலையைத் திறந்து உள்ளே சென்றால் முற்றத்திற் பூஞ்செடிகள். கிணற்றடியில் வாழையும் கமுகும். அடுப்படிக்கு அருகே கறிவேப்பிலையும் தேசியும். கோடிப்புறத்தில் முருங்கையும் மாவும் பலாவும். கிணற்றடியிற் சிந்தும் நீர் வாழைக்கும், அடுப்படியிற் கழுவும் நீர் கறிவேப்பிலைக்கும் செல்லுமாறு நம் முன்னோர் மரங்களுக்கு இடம் வகுத்தனர். நீர் செல்லும் வழியை முதலில் நிச்சயித்துப் பயிரைப் பின்னர் வைத்ததே அவர்களின் தோட்டக்கலை எனலாம்.

இதன் காரணத்தை மாணவர் அறிந்திருத்தல் நன்று. செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கிறது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புக்களூடாக இறங்கி அடியிலே தேங்குகிறது. கடல் சூழ்ந்த நிலமாதலின் ஆழத்தில் இருப்பது உவர்நீர். உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆகவே நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பௌதிகம் காட்டும் கணக்கு. மேலே ஓர் அடி குறையுமாயின் கீழிருந்து உவர் 40 அடி மேலேறும். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இன்று நீர்ப்பம்பிக்கு அவ்வெல்லை இல்லை. ஆகவே மாரியில் நிலத்துக்குள் அனுப்பும் ஒவ்வொரு குடம் நீரும் கோடைக்கு இடும் சேமிப்பாகும்.

மாரிகாலத் தோட்டத்தின் திட்டம் முதல் மழையன்றே தொடங்குகிறது. அன்று திண்ணையில் நின்று நீர் எங்கே தேங்குகிறது, எவ்வழியாக ஒழுங்கைக்கு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஓடும் வழியிற் சிறு வரம்பு கட்டி, மரங்களைச் சுற்றி அகன்ற பாத்தி அமைத்தால் நீர் வளவிலேயே சுவறும். கூரையின் பரப்பு 100 சதுர மீற்றர் எனக் கொள்வோம். 1 மில்லிமீற்றர் மழை அதில் 100 லீற்றர் நீரைத் தரும். 50 மில்லிமீற்றர் மழை பெய்த ஒரு நாளில் 5,000 லீற்றர் கிடைக்கும். பீலி வைத்து அதனை ஒரு குழிக்குள் இறக்கினால் அது நிலத்தடிக்குச் செல்லும். முற்றம் முழுவதும் சீமெந்து பூசிய வீட்டிலோ அந்நீர் வெள்ளவாய்க்கால் வழியே கடலை அடையும்.

பயிர்களுக்கும் முறை உண்டு. பெருமழையிற் கத்தரி, மிளகாய் நாற்றுக்கள் அழுகுமாதலால் உயர்த்திய மேடையே அவற்றுக்கு ஏற்றது. பயிற்றையும் புடோலும் பந்தலில் ஏறும். கீரைக்கு நீர் வடியும் இடம் வேண்டும். பெருமழை ஓய்ந்து வாடைக்காற்று வீசும் மார்கழியில் வெங்காயம் நடலாம். இரவுக் குளிர் வேண்டும் உருளைக்கிழங்கும் கோவாவும் பீற்றூட்டும் நம் மண்ணில் விளைவது இக்குளிரினாலேயே. பனிக்காலத்தில் இலைகளில் ஈரம் நெடுநேரம் தங்கினால் பூஞ்சண நோய் பற்றும். எனவே, காலையில் அடிவேருக்கு மட்டும் நீர் விடுதல் நலம்.

ஒரு வாளி நீரும் இறைக்க வேண்டாத பயிர் ஒன்றும் நம்மிடம் உண்டு. ஆவணி, புரட்டாசியிற் பொறுக்கிய பனங்கொட்டைகளை மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடினால், மாரி மழையே அவற்றை வளர்த்துவிடும். மார்கழி, தையிற் கிழங்கு முற்றும். அவித்து உண்டது போக, பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பாத்தி கிண்டும் நாளிற் பூரானுக்காகப் பிள்ளைகள் போடும் சண்டை எந்த வீட்டில் இல்லை!

வேலிக்கும் இதுவே பருவம். முதல் மழையோடு நட்ட கதியால் எளிதில் வேர்விடும். வெட்டிய பூவரசங் குழையை மண்ணில் தாழ்த்தினால் அது சிறந்த பசளை. மதிலோ நிழலும் தராது, குழையும் தராது. குழையையும் எருவையும் விட்டு இரசாயனப் பசளையை அளவின்றி இட்டதனால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளிற் கண்ட உண்மை. அது கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. வளவிற் கிடக்கும் சிரட்டை, தகரப்பேணி, பழைய ரயர் ஆகியவற்றில் நீர் தேங்கவிடுதலும் தீதே. டெங்கு இங்கு மாரியை அடுத்தே பெருகுகின்றது.

1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள், 2009க்குப் பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிய பலர் வீட்டையும் காணவில்லை, வேலியையும் காணவில்லை. எல்லையும் தெரியாத பற்றைக்காடே எஞ்சியிருந்தது. அத்தகைய நிலத்தில் வாழ்வை மீளத் தொடங்குவோர் கிணற்றைத் துப்புரவாக்கி, கதியால் நட்டு, மாங்கன்று ஒன்றுக்குப் பாத்தி கட்டுகின்றனர். அம்மரம் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆயினும், அதன் பாத்தியில் இம்மாரியிற் சுவறும் நீர் அடுத்த கோடையிலேயே அவர்களின் கிணற்றிலும் அயலார் கிணற்றிலும் ஊறிநிற்கும். நிலத்தடியில் வேலி இல்லை. ஒருவர் வளவிற் காத்த மழை ஊருக்கெல்லாம் உரியது. ஒருவர் ஓடவிட்ட மழை ஊருக்கெல்லாம் இழப்பு. இவ்வாண்டு மாரியில் நம் வீடுகளிலும் பிள்ளைகள் கையில் ஒரு சிறு மண்வெட்டியைக் கொடுத்து, நீருக்கு வழிகாட்டப் பழக்குவோமாக.