ஒரே குளிசை

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் எங்கள் வாவிக்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். பெயர் மட்டும் இரும்புக்குப் போய்விடும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான் வழி. அடுத்த வலிப்பு வராமல் காப்பது நாள்தோறும் விழுங்கும் சிறு குளிசை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் மருந்தாளராக இருந்தவன். 2022 இல், மருந்துத் தட்டுப்பாட்டால் நாடு தவித்த நேரம், களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்யும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் வலிப்புக்குப் பீனோபாபிற்றோன் எடுத்துவந்தாள். வீட்டு நாய்க்கும் வலிப்பு. மிருக வைத்தியர் எழுதியதும் அதே மருந்துதான். நாய்க்கு வாங்கியது முடிந்துவிட்டது, கடைகளில் இல்லை.

“ரெண்டுக்கும் ஒரே வருத்தம், ஒரே குளிசை. புள்ளடதுல பாதிய நாய்க்குக் குடுத்தா என்ன காக்கா?”

கேள்வியில் இரக்கம் இருந்தது, கணக்குத்தான் பிழை. 1912 இல் ஜேர்மன் வைத்தியர் அல்பிரட் ஹவுப்ற்மன் வலிப்புக்குப் பயன்படுமெனக் கண்ட இம்மருந்து இன்றும் மனிதருக்கும் நாய்க்கும் பொதுவானது. ஆனால் நாயின் உடல் அதை விரைவாகக் கழித்துவிடும். நிறைக்கேற்பப் பார்த்தால் நாய்க்குத்தான் கூடுதலாக வேண்டும். ஈரலைத் தாக்கக்கூடியதால் இடைக்கிடை இரத்தமும் சோதிக்க வேண்டும். மனிதரின் பினிற்றோயின் நாயின் உடலில் நிலைப்பதேயில்லை. நாய்க்குக் கொடுக்கும் பொற்றாசியம் புரோமைட்டு பூனையின் நுரையீரலைக் கெடுத்துவிடலாம்.

பிள்ளையின் குளிசையைப் பாதியாக்கினால் ஓயாத வலிப்பு வரலாம். அது உயிரையே எடுக்கும். இதைச் சொல்லி, மிருக வைத்தியரிடம் உடனே போகச் சொன்னேன். அவர் மாற்று மருந்து தேடிக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் நாள் இரவு, நாய் விடாமல் வலித்துச் செத்தது. திடீரென்று மருந்து நின்றால் என்னவாகும் என்பதை அந்த வீடு கண்ணால் கண்டது.

“என்டதுல ஒண்டக் குடுத்திருக்கலாமே” என்று பிள்ளை அழுதாளாம். அதன்பின் அவள் ஒரு வேளையும் தவறவிடவில்லை என்றார் நண்பர்.

நம்மவர் வீடுகளில் ரமழான் வந்தால் சிலர் பகல் குளிசையைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. நோற்க விரும்புகிறவருக்கு ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்குமாக மருந்தை மாற்ற முடியுமா என்று வைத்தியர்தான் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று கலியாணம். வருத்தத்தை மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாமி காணாமல் குளிசையை ஒளிக்கிறாள், பிறகு நிறுத்திவிடுகிறாள். சோடியம் வல்புரோவேற் எடுப்பவள் கருத்தரித்தால், நூறு பிள்ளைகளில் பத்துப் பேரளவில் பிறவிக் குறையோடு பிறக்கலாம். ஆகவே கலியாணத்துக்கு முன்பே வைத்தியரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. மறைத்து வைத்த வருத்தத்துக்கு எந்த வைத்தியரும் அளவு எழுத முடியாது.