மீண்டும் மீண்டும் பழுதடையும் பாகம்

பத்திரிகைத்துறையில் நான்கு தசாப்தங்களைக் கழித்த ஒருவனுக்கு மோட்டார் எஞ்சினில் என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். அரசியலும் இலக்கியமுமே இங்கு இதுவரை கூடுதலாக இடம்பிடித்து வந்திருக்கின்றன. ஆனால், சிட்னியில் வசிக்கும் எனது சகோதரியின் மகனுடைய காரில் இரண்டு வருடங்களுக்குள் ஒரே பாகம் மூன்று தடவைகள் பழுதடைந்ததையும், அதன் காரணத்தை முதியவர் ஒருவர் கண்டறிந்த விதத்தையும் எழுதாமல் விட மனம் இடந்தரவில்லை.

மருமகனின் காரில் இருப்பது எட்டு சிலிண்டர்களைக் கொண்ட, அமெரிக்கப் பாணியிலான எஞ்சின். தொழிற்சாலை கொடுத்த வேகம் போதாது என்று கருதிய அவன், அதன் ‘காம் ஷாஃப்ட்’ என்ற தண்டையும் வால்வு ஸ்பிரிங்குகளையும் மாற்றினான். கார் பாய்ந்தது உண்மை. ஆனால், சில மாதங்களில் எஞ்சின் மூடிக்குக் கீழிருந்து ‘டிக், டிக்’ என்று ஓசை எழத் தொடங்கியது. திறந்து பார்த்தபோது ‘றொக்கர் ஆர்ம்’ ஒன்றின் பெயாரிங் சிதறிக் கிடந்தது.

இந்த வார்த்தைகளுக்குப் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சிறிய விளக்கம். இத்தகைய எஞ்சினில் காம் ஷாஃப்ட் கீழே இருக்கிறது. அது சுழலும்போது அதன் மேடுகள் ‘லிஃப்டர்’ என்ற சிறு உருளையை உயர்த்தும். லிஃப்டர் ‘புஷ் றொட்’ என்ற மெல்லிய கம்பியை மேலே தள்ளும். கம்பி, சீசோ பலகையைப் போன்ற றொக்கர் ஆர்மின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். ஸ்பிரிங் வால்வை மீண்டும் மூடும். அந்தச் சீசோவின் நடு அச்சில் இருப்பவை ஊசி போன்ற மெல்லிய உருக்கு உருளைகள். எட்டு சிலிண்டர்களுக்கு இத்தகைய ஆர்ம்கள் பதினாறு.

அந்த நடு அச்சு தாங்கும் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பு ஏற்படும். திறந்த நிலையில் ஸ்பிரிங் 180 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் எதிர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்மின் விகிதம் 1.7 என்றால், மறுமுனையைக் கம்பி 306 கிலோ விசையுடன் தள்ளவேண்டும். இரண்டையும் சேர்த்து, 486 கிலோ அந்தச் சின்னஞ்சிறு ஊசிகளின் மீது விழுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தடவைகள் சுழலும்போது ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 50 தடவைகள் திறந்து மூடுகிறது. அத்துடன், றொக்கர் ஆர்ம் முழு வட்டமாகச் சுழல்வதில்லை. சிறு கோணத்துக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால் அதே ஊசிகள் அதே இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிபடுகின்றன.

முதல் தடவை மருமகன் உடைந்த ஆர்மை மாத்திரம் மாற்றினான். இரண்டாவது தடவை, தொழிற்சாலைப் பாகம் தரமற்றது என்று முடிவுசெய்து, பதினாறையும் கழற்றிவிட்டு, ஊசிகள் வெளியே சிதறாதவாறு கூடு வைத்த விலை உயர்ந்த பாகங்களைப் பொருத்தினான். மூன்றாவது தடவை அவையும் பழுதடைந்தன. கைக்குழந்தையோடு குடும்பமாக மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் நெடுஞ்சாலையில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் என்னவாகும் என்று அவனது மனைவி கேட்ட கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. காரை விற்றுவிடும் எண்ணத்துக்கு அவன் வந்த வேளையில்தான், நண்பர் ஒருவர் அந்த முதியவரை அறிமுகம் செய்துவைத்தார்.

அவர் வடமராட்சியைச் சேர்ந்தவர். எழுபது வயதைத் தாண்டியவர். 1990 இல் போர் மீண்டும் வெடித்த பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கி மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகளில் ஒருவர். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் ஒன்று உடைந்தால், அது ஏன் உடைந்தது என்று அறியாமல் அடுத்ததைப் பொருத்த எவருக்கும் துணிவு வராது. அந்த ‘அடுத்தது’ கடைசியாகவும் இருக்கலாம்.

அவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னர் கேட்ட முதல் கேள்வி:

“தம்பி, முதல் ரெண்டு தரமும் கழட்டின சாமானை எங்கை வைச்சிருக்கிறீர்?”

மருமகன் அதிர்ஷ்டவசமாக அவற்றை எறிந்திருக்கவில்லை. மூன்றையும் மேசையில் ஒரு வெள்ளைத் துணியின் மீது வரிசையாக வைத்தார். மூன்றும் மூன்று வேறு சிலிண்டர்களைச் சேர்ந்தவை. ஆகவே ஒரு குறிப்பிட்ட துவாரத்தில் ஒயில் அடைபட்டிருக்க வாய்ப்பில்லை. உருக்கு, சூட்டினால் நீலம் பாய்ந்திருக்கவும் இல்லை. ஆகவே ஒயில் வற்றி எரிந்ததும் அல்ல. ஆனால், கம்பி வந்து பொருந்தும் குழியில் மூன்றிலும் சுத்தியலால் தட்டியது போன்ற தழும்பு இருந்தது.

“சத்தம் எப்ப வாறது? குளிரேக்கையோ, சூடேறின பிறகோ?”

“சூடேறின பிறகுதான் அண்ணை.”

அவர் தலையசைத்தார். அலுமினியம், உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். எஞ்சினின் உடல் அலுமினியம், கம்பி உருக்கு. சூடேறும்போது உடல் உயர்ந்துவிட, கம்பி பின்தங்கிவிடுகிறது. லிஃப்டருக்குள் உள்ள ஒயில் அந்தச் சிறு இடைவெளியை நிரப்பவேண்டும். நிரப்ப இயலாத அளவுக்குக் கம்பி முன்னரே குட்டையாக இருந்தால்? கம்பி ஆர்மை அழுத்துவதற்குப் பதிலாக அடிக்கத் தொடங்கும், செக்கனுக்கு 50 தடவைகள்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அளவுக் கம்பி ஒன்றை வைத்துப் பார்த்தபோது அவரது சந்தேகம் உறுதியானது. புதிய காம் ஷாஃப்டின் மேடுகள் உயரமானவை. ஆனால், அந்த உயரத்தைப் பெறுவதற்காக அதன் அடிவட்டம் சிறிதாகக் கடையப்பட்டிருந்தது. லிஃப்டர் பழைய நிலையைவிடத் தாழ்ந்து நிற்க, பழைய கம்பிகளே தொடர்ந்து பாவிக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, அந்தக் காம் ஷாஃப்டுக்குத் தேவையானதைவிடக் கடினமான ஸ்பிரிங்குகள். பெயாரிங் மூன்று தடவைகளும் தண்டிக்கப்பட்டது. குற்றம் வேறிடத்தில் இருந்தது.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. சிதறிய ஊசிகளை எண்ணினார். மூன்று குறைந்தன. எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி, காந்தத்தால் துழாவி அவற்றைக் கண்டெடுத்த பின்னரே கையைத் துடைத்தார். அவற்றில் ஒன்று ஒயில் பம்பின் வாயிலிருந்த வலையில் சிக்கியிருந்தது.

வானூர்தி வரலாற்றில் இதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. 1954 ஜனவரி 10 இல் ‘கொமெட்’ பயணிகள் ஜெற் விமானம் ஒன்று எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்து 35 பேர் மாண்டனர். காரணம் தெரியாத நிலையில், ஐயத்துக்கிடமான பல பாகங்களை மாற்றியமைத்து, மார்ச் மாதத்தில் சேவையை மீண்டும் தொடங்கினார்கள். ஏப்ரல் 8 இல் இன்னொரு கொமெட் நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. மேலும் 21 பேர் மாண்டனர். அதற்குப் பின்னரே, முழு விமான உடலொன்றைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் ஏற்றி இறக்கிப் பார்த்து, உலோகக் களைப்பினால் உடல் பிளந்ததைக் கண்டறிந்தார்கள். மாற்றப்பட்ட பாகங்களுக்கும் அந்தப் பிளவுக்கும் தொடர்பு இருக்கவில்லை.

எமது நாட்டில் பஸ் விபத்துச் செய்திகள் பலவும் ‘பிரேக் செயலிழந்ததால்’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகின்றன. பிரேக் ஏன் செயலிழந்தது, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அந்தப் பாதையில் அதற்கு முன்னர் எத்தனை பஸ்கள் அவ்வாறு உருண்டன என்ற கேள்விகள் மறுநாள் பத்திரிகையில் இடம்பெறுவது அரிது. சாரதியைக் கைதுசெய்தால் பெயாரிங்கை மாற்றியாயிற்று. ஆணைக்குழுக்களும் அமைச்சரவை மாற்றங்களும் எத்தனை வந்தாலும் எமது அரசியல் ஏன் அதே இடத்தில் உடைகிறது என்பதையும் இதே வெள்ளைத் துணியின் மீது வைத்துப் பார்க்கலாம்.

மருமகனின் காருக்கு நீளமான கம்பிகளும் பொருத்தமான ஸ்பிரிங்குகளும் வந்தன. எஞ்சின் 6200 சுழற்சிகளுக்கு மேல் ஓடாதவாறு கட்டுப்பாடும் வைக்கப்பட்டது. வேகம் குறைந்துவிட்டதே என்று அவன் சற்று வருந்தினான். முதியவர் கூலியை வாங்கிக்கொண்டு, உடைந்த மூன்று ஆர்ம்களையும் ஒரு பையில் இட்டுக் கட்டி அவனது கையில் கொடுத்தார்.

“எறிஞ்சு போடாதையும் தம்பி. அடுத்த முறை ஏதும் உடைஞ்சால் இதுகளோடை வாரும்” என்றார்.