ஒக்கிக்குச் சுட்ட பிஸ்கட்

நாய்க்கடி ஊசிக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, "வீட்டு நாயா, தெரு நாயா?" வீட்டு நாய்னு சொன்னா அடுத்த கேள்வி, "அதுக்கு ஊசி போட்டிருக்கா?" பாதிப்பேர் அந்த இடத்துல முகத்தைத் திருப்பிக்குவாங்க.

போன டிசம்பர்ல அந்தக் கேள்விக்கு முகத்தைத் திருப்பினது நான்.

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டுல நாய் இருந்தா கடைசி வரை படிங்க.

எங்க வீட்டு நாய் பேரு ஒக்கி. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். வாழையும் ரப்பரும் சாஞ்சு கெடக்கு, நாள்கணக்குல கரண்டு இல்ல, கடலுக்குப் போனவங்களைத் தேடி கரையில அழுகை. அந்த வாரம் எங்க தொழுவத்துல வந்து ஒதுங்கின குட்டி. "ஒக்கி"ன்னா வங்காள மொழியில கண்ணு. புயலுக்கு அந்தப் பேரைக் குடுத்தது வங்கதேசம். அவ்வளவு பேரைக் கொண்டுபோன புயலோட பேரை நாய்க்கு வைக்கலாமான்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் வருத்தம். ஆனா பேரு நிலைச்சுப் போச்சு.

எங்க வீடு சைவம். அம்மாவோட அடுக்களையில முட்டை கூட ஏறாது. ஒக்கியும் அப்படியே வளந்தான். பக்கத்து வீட்டுல சாளைத் தலை கெடைக்கிற நாளைத் தவிர. நாய் சோறு தின்னு வாழுமான்னு கேப்பீங்க. மனுஷனோட சேந்து வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கிற ஜீன் நாய்க்கு ஓநாயை விட அதிகமாயிடுச்சுன்னு 2013-ல 'நேச்சர்' இதழ்ல ஆய்வு வந்திருக்கு. அதுக்காக வெறும் சோறு போதும்னு இல்ல. புரதம் வேணும், கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடுக்கணும். பூனை கதை வேற. அதுக்கு மாமிசம் இல்லாம முடியாது.

சரி, பிஸ்கட்டுக்கு வர்றேன். கூடப் படிச்ச ஒருத்தன் அமெரிக்காவுல இருந்து வந்தப்ப ஒக்கிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொண்டு வந்தான். அட்டையில 'கோஷர்'னு போட்டிருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சா.

"கோஷர்னா சைவமா மக்கா?"

இல்லம்மா, யூதங்களோட சாப்பாட்டுச் சட்டம்னேன். குளம்பு பிளந்து, அசைபோடுற மிருகம் ஆகும். ஆடு, மாடு சரி, பன்னி ஆகாது. மீன்னா செதிலும் துடுப்பும் ரெண்டும் வேணும். நம்ம கடக்கரைக் கணக்குல சொன்னா சாளையும் நெத்திலியும் ஆகும். இறாலும் நண்டும் கணவாயும் ஆகாது. எல்லாத்துக்கும் மேல இறைச்சியும் பாலும் சேரவே கூடாது. சமைக்கிற பாத்திரம், வைக்கிற தட்டு எல்லாம் தனித்தனி.

"அப்போ அவியளும் நம்மள மாதிரி பாத்திரம் பிரிச்சு வைப்பாவளோ?" அம்மாவுக்கு அந்த நிமிஷமே யூதங்க சொந்தக்காரங்க ஆயிட்டாங்க.

நாய்க்கு எதுக்கு இந்தச் சட்டம்? நாய்க்கு ஒரு சட்டமும் இல்ல, வளக்குறவனுக்குத்தான். இறைச்சியும் பாலும் சேத்துச் சமைச்சதைத் தின்னவும் கூடாது, அதால ஒரு பயனும் அடையக் கூடாது. தன்னோட நாய்க்குப் போடுறதும் பயன்தான். பஸ்கா நாட்கள்ல கோதுமை, பார்லி, ஓட்ஸ் மாதிரி தானியத்துல செஞ்சு புளிச்ச பொருள் வீட்டுலயே இருக்கக் கூடாது. அப்போ நாயோட சாப்பாட்டையும் மாத்துவாங்க. காட்டு மிருகம் கடிச்சுப் போட்ட இறைச்சியை நாய்க்குப் போடச் சொல்லி யாத்திராகமத்துல இருக்கு. எகிப்தை விட்டுக் கிளம்பின ராத்திரி நாய்கள் குரைக்காம இருந்ததுக்கு அது கூலின்னு யூத மரபுல சொல்றாங்க. வளக்குற பிராணிக்குத் தீனி வைக்காம நீ சாப்பிடாதேன்னும் ஒரு விதி உண்டு.

"அதாம்டே நியாயம்"னா அம்மா.

பாக்கெட் ஒரு வாரத்துல தீந்துச்சு. அம்மாவே கேட்டா, "நாமளே சுட்டுக் குடுத்தா என்ன?" இறைச்சியும் இல்லாம பாலும் இல்லாம இருக்குறதை அவங்க 'பார்வே'ம்பாங்க. முட்டை கூட அதுல சேரும். எங்க அடுக்களையில அதுவும் கெடையாது. கேழ்வரகு மாவு, பழம், தேங்காய் எண்ணெய்னு முடிவு பண்ணினோம். சர்க்கரை நாய்க்கு ஆகாதுன்னு தெரியும். இயற்கையான இனிப்பு இருக்கட்டுமேன்னு, பக்கத்து வீட்டுல கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கி மிச்சம் வந்த கிஸ்மிஸை ஒரு கை அள்ளிப் போட்டேன்.

அம்மா இல்ல. நான்தான் போட்டேன். எம்பிபிஎஸ் படிச்ச நான்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒக்கி வாந்தி எடுக்க ஆரம்பிச்சான். விடியுறப்ப எந்திரிக்க முடியாம கெடந்தான். அம்மா ஈரத்துணியால அவன் வாயைத் துடைக்கப் போனா. எட்டு வருஷத்துல ஒரு தடவை கூட பல்லைக் காட்டாதவன், வலி தாங்காம திரும்பிக் கவ்விட்டான். கையில ரெண்டு பல்லு, ரத்தம்.

கிணத்தடிக் குழாயில சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பாத்து 15 நிமிஷம் கழுவினேன். இதை மட்டும் நீங்க யாரும் மறக்காதீங்க. மஞ்சள் வேண்டாம், காப்பித்தூள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். ஓடுற தண்ணி, சோப்பு, 15 நிமிஷம். பிறகு ஆஸ்பத்திரி.

ரத்தம் வந்த கடின்னா மூணாம் வகை. காயத்துக்குள்ளயே இம்யூனோகுளோபுலின் போடணும். அதோட தோல்ல போடுற தடுப்பூசி 0, 3, 7, 28-ம் நாள்கள்ல. நான் வேலை பாக்குற இடத்துலயே, நான் தினமும் உக்காருற நாற்காலிக்கு எதிர்ல அம்மா உக்காந்திருந்தா. சிஸ்டர் கேட்டாங்க, "நாய்க்கு ஊசி போட்டிருக்கா சார்?"

கடைசியா போட்டு ரெண்டரை வருஷம். வருஷா வருஷம் போடணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன். டூட்டி, லீவு இல்ல, அடுத்த வாரம்னு தள்ளிப் போனதுதான். அம்மா எனக்காகப் பதில் சொன்னா: "போட்டதுதாம்மா, தேதி கொஞ்சம் தாண்டிட்டு."

அங்கிருந்து ஒக்கியைத் தூக்கிட்டு கால்நடை மருத்துவமனை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "திராட்சை தின்னானா?" எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. திராட்சையும் கிஸ்மிஸும் நாயோட சிறுநீரகத்தைக் கெடுக்கும். டார்டாரிக் அமிலம்தான் காரணம்னு இப்போ கருதுறாங்க. எவ்வளவு தின்னா ஆபத்துன்னு நிச்சயமான கணக்கு கெடையாது. ஒரு நாய்க்கு ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணு செத்துடும். தின்ன உடனே கொண்டு போயிருந்தா வாந்தி எடுக்க வச்சிருப்பாங்க. நான் விடியுற வரை காத்திருந்தேன். அதே அமிலம் புளியிலயும் இருக்கு. அதனால ரசஞ்சாதம், புளிக்கொழம்புச் சோறு பழக்கம் உள்ளவங்க இன்னைக்கே நிறுத்துங்க.

ரெண்டாம் நாள் கிரியாட்டினின் 3.8. டிரிப்ஸ் ஏறிட்டே இருந்தது.

நாய் கடிச்சா பத்து நாள் அதைக் கவனிக்கச் சொல்லுவோம். பத்து நாளும் நல்லா இருந்தா, கடிச்சப்ப அதோட எச்சில்ல ரேபிஸ் கிருமி இல்லைன்னு அர்த்தம். நடுவுல செத்துப் போனா? சிறுநீரகத்தால செத்துச்சா ரேபிஸால செத்துச்சான்னு மூளையைப் பரிசோதிக்காம சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஊசி எல்லாம் முறையாப் போட்டாச்சு, பயப்பட ஒண்ணும் இல்லைன்னு என் படிப்பு சொல்லுது. ஆனா ரேபிஸ் வந்துட்டா அநேகமா யாரும் பிழைக்கிறதில்லைன்னும் அதே படிப்புதான் சொல்லுது. அந்தப் பத்து நாளும் நான் தூங்கலை. ராத்திரி எந்திரிச்சு ஒக்கியோட மூச்சைப் பாப்பேன், பிறகு அம்மாவோட மூச்சை.

நாலாம் நாள் ஒக்கி நல்லா மூத்திரம் போனான். வார்டுல ஒரு நோயாளிக்கு யூரின் வந்தா எப்படி நிம்மதியா இருக்கும்னு டாக்டருங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நான் அழுதுட்டேன். ஏழாம் நாள் அம்மாவுக்கு மூணாவது ஊசி. பத்தாம் நாள் காலையில ஒக்கி தொழுவத்து வாசல்ல நின்னு கோழியைப் பாத்துக் குரைச்சான்.

"சவம், ஊரைக் கூட்டுது பாரு"ன்னா அம்மா. குரல் உடைஞ்சிருந்தது.

இப்பவும் பிஸ்கட் சுடுறோம். செய்முறை கேப்பீங்கன்னு தெரியும். கேழ்வரகு மாவு ஒரு கப், அரிசி மாவு அரை கப், அவிச்சு மசிச்ச மஞ்சள் பூசணி அரை கப், மட்டிப்பழம் ஒண்ணு, தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன். உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் இல்ல. கெட்டியாப் பிசைஞ்சு, மெலிசாத் தட்டி, 160 டிகிரியில அரை மணி நேரம். அணைச்ச பிறகும் உள்ளேயே விட்டுருங்க, ஈரம் போகணும். நம்ம ஊரு ரெண்டு மழைக்கும் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். லேசா வாடை வந்தாலே தூக்கிப் போட்டுருங்க. நிலக்கடலை சேக்குறதா இருந்தா இன்னும் கவனம், பூஞ்சை பிடிச்ச கடலையில வர்ற அஃப்ளாடாக்ஸின் நாயோட ஈரலைக் கெடுக்கும். கடையில வாங்குற பீநட் பட்டர்ல சைலிட்டால்னு எழுதியிருந்தா தொடாதீங்க. வெங்காயம், பூண்டு, சாக்லேட், கிஸ்மிஸ் எதுவும் கூடாது. நமக்குள்ள வலி மாத்திரையையும் அதுக்குக் குடுக்காதீங்க. ஒரு நாளுக்குத் தேவையான கலோரியில பத்துல ஒரு பங்குக்கு மேல பிஸ்கட் போகக் கூடாது. ஒக்கிக்கு ரெண்டு, அதுவும் சின்னது.

முறைப்படி இது கோஷர் ஆகாது. அதுக்கு அவங்க ஆள் வந்து பொருளையும் அடுப்பையும் பாத்து முத்திரை குடுக்கணும். அம்மாவோட முத்திரை மட்டும் இருக்கு. மாவு பிசையுறப்ப பக்கத்துல வந்து நின்னு என் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டச் சொல்லுவா. பிறகுதான் அடுப்பு.

ஒக்கியோட ஊசி அட்டை இப்போ ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. அடுத்த தேதியைச் சிவப்பு மையில அம்மாதான் எழுதினா. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல, "டாக்டருக்கு லீவு இல்லன்னா நான் கொண்டு போறேன்."